மைசூர்பாகுக்கும் கணக்கில் இடம் உண்டு

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டில் முதல் வேலையாக ஸ்வீட் டப்பா வெளியேறும். முறுக்கு வைத்திருந்த தூக்கு காலியாகும். இனி வடை கிடையாது, பஜ்ஜி கிடையாது, ஐஸ்கிரீம் கிடையாது என்று தடைப் பட்டியல் நீளும். இரண்டு மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகப் போகும். பிறகு ஒரு கல்யாண வீடு வரும், அல்லது குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் யாராவது அலுவலகத்துக்கு லட்டு கொண்டுவருவார்கள். ஒன்றைச் சாப்பிட்டதும் 'சரி, இன்றைக்கு டயட் போச்சு' என்று தோன்றும். போனது போகட்டும் என்று இன்னும் இரண்டு லட்டு உள்ளே போகும். மறுநாள் டயட்டும் இருக்காது, அதைப் பற்றிய பேச்சும் இருக்காது.

இதற்கான பழி எப்போதும் லட்டின் மீதும் சாப்பிட்டவரின் மன உறுதியின் மீதும்தான் விழுகிறது. இரண்டுமே அநியாயம். தவறு அந்தத் திட்டத்தில் இருக்கிறது. பிடித்த பண்டத்துக்கு ஓர் இடமும் ஒதுக்காமல் போட்ட திட்டம், அந்தப் பண்டம் கண்ணில் பட்ட முதல் நாளே உடைந்துவிடும். உண்மையில் எடைக் குறைப்பைக் கெடுப்பது பலகாரம் அல்ல. கணக்கில் வராத பலகாரம். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டால், அளவான உணவோடு மைசூர்பாகும் கடலைமிட்டாயும் சேர்ந்தே இருக்க முடியும். எப்படி என்பதை உணவு அறிவியலும் உளவியலும் தெளிவாகவே சொல்கின்றன.

கலோரி என்னும் அளவுகோல்

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1890களில் வில்பர் ஆட்வாட்டர் என்ற வேதியியலாளர் ஒரு சின்ன அறையைக் கட்டினார். ஒரு மனிதர் நாள்கணக்கில் அதற்குள்ளேயே உண்டு, உறங்கி, உடற்பயிற்சி செய்து வாழலாம். அவர் உடலிலிருந்து வெளியேறும் வெப்பம், மூச்சுக்காற்று, கழிவு எல்லாவற்றையும் வெளியிலிருந்தபடியே அளந்தார்கள். உண்ட உணவில் இருந்த ஆற்றலும் உடல் செலவிட்ட ஆற்றலும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தன. மனித உடலும் ஆற்றல் அழிவின்மை விதிக்குக் கட்டுப்பட்டதுதான் என்று அந்த அறை நிரூபித்தது.

ஆட்வாட்டர் குழுவின் உழைப்பிலிருந்து வந்த எண்களைத்தான் இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் பார்க்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்து அல்லது சர்க்கரையில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. பேச்சு வழக்கில் கலோரி என்று நாம் சொல்வது கிலோ கலோரியை. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, அதிகம் உடலுழைப்பு இல்லாத, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,110 கலோரி தேவை. அதேபோல் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 1,660 கலோரி. எடை கூடுதலாக இருந்தால் இந்தத் தேவையும் கூடும். தேவையைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். எடை குறைவது அப்படித்தான்.

உடல் இந்தக் கணக்கை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு முடித்துப் பூட்டுவதில்லை. ஒருவர் தன் தேவையைவிடத் தினமும் 400 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 2,800 கலோரி குறைகிறது. சனிக்கிழமை கல்யாண விருந்தில் தேவையைவிட 400 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டார். அன்றைய குறைப்பு நடக்கவில்லை. இன்னொரு நாளின் குறைப்பும் கரைந்துபோனது. மீதி ஐந்து நாள் உழைப்பு அப்படியே இருக்கிறது. 2,000 கலோரி பற்றாக்குறை இன்னமும் அவர் பக்கம்தான். ஒரு லட்டோடு எல்லாமே போய்விட்டது என்ற எண்ணத்துக்குக் கணக்கில் ஆதாரமே இல்லை.

ஒரு துண்டு மைசூர்பாகில் என்ன இருக்கிறது?

பலகாரத்தைக் கண்டு பயப்படுவதைவிட அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் செய்யும் நெய் மைசூர்பாகை எடுத்துக்கொள்வோம். கடலைமாவு 100 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 200 கிராம். ஊற்றிய நெய் முழுவதையும் மாவு இழுத்துக்கொள்ளும் மிருதுவான வகை. பாகுக்கு விட்ட தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிவிடும். தட்டில் கொட்டி, ஆறவைத்து, 20 துண்டு போட்டால் ஒரு துண்டு ஏறக்குறைய 25 கிராம் இருக்கும்.

அந்த ஒரு துண்டுக்குள் கடலைமாவு 5 கிராம்: சுமார் 19 கலோரி. சர்க்கரை 10 கிராம்: 40 கலோரி. நெய் 10 கிராம்: 90 கலோரி. மொத்தம் ஏறக்குறைய 150.

இந்தச் சின்னக் கூட்டலில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. ஸ்வீட் என்றாலே சர்க்கரைதான் எடை போடவைக்கிறது என்று நினைக்கிறோம். மைசூர்பாகின் கலோரியில் ஐந்தில் மூன்று பங்கு நெய்யிலிருந்து வருகிறது. ஆகவே 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய நெய் இனிப்பு, கலோரி குறைந்த இனிப்பு ஆகிவிடாது. சர்க்கரையை முழுவதுமாக எடுத்துவிட்டு, கலோரியே இல்லாத ஒன்றைச் சேர்த்தாலும் இந்தத் துண்டில் 110 கலோரி மிச்சம் இருக்கும். சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டால் 220. எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் பரிந்துரைத்திருக்கிறது.

வெல்லம் சேர்த்தால் உடம்புக்கு நல்லது, எடை போடாது என்பதும் பரவலான நம்பிக்கை. 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி. 100 கிராம் வெல்லத்தில் சுமார் 380. கருப்பட்டியும் இதற்கு வெகு அருகில்தான். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் தனி மணமும் ருசியும் உண்டு. அந்த ருசிக்காகச் சாப்பிடலாம். கலோரி குறையும் என்பதற்காகச் சாப்பிட வேண்டியதில்லை.

லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் 1918இல் எழுதிய எடைக் குறைப்பு நூலில் ஒரு நல்ல வழி இருக்கிறது. எல்லா உணவையும் 100 கலோரிப் பங்குகளாகப் பார்க்கச் சொன்னார் அவர். 100 கலோரிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நம் வீட்டுப் பண்டங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். எல்லாமே தோராயம்தான், செய்முறைக்குத் தக்கபடி கூடும், குறையும்.

நெய் என்றால் 11 கிராம். மைசூர்பாகு 17 கிராம், முக்கால் துண்டுக்கும் கொஞ்சம் குறைவு. முறுக்கு 20 கிராம். கடலைமிட்டாய் 20 கிராம். பால்கோவா 25 கிராம். சர்க்கரை 25 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன். வெந்த சோறு 75 கிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்று. இளநீர் என்றால் அரை லிட்டர்.

இந்த வரிசையில் கடலைமிட்டாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கலோரி குறைந்த பண்டம் அல்ல. ஆனால் அதில் பாதிக்குமேல் நிலக்கடலை. கடலையில் கால் பங்கு புரதம், நார்ச்சத்தும் உண்டு. கடித்து மென்று தின்ன நேரம் பிடிக்கும். அதே 100 கலோரிக்கு ஜிலேபி தருவதைவிட அதிக நேரப் பசியடக்கத்தை அது தரும். பண்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் கலோரி ஓர் அளவுகோல். வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது இன்னொரு அளவுகோல்.

தடை போட்டால் மனம் என்ன செய்யும்?

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அதில் கலந்துகொண்டார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய பாதிச் சாப்பாடு. நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. கூடவே நிறைய நடக்கவும் வேண்டியிருந்தது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் அவர்கள் மனத்தில் நடந்ததுதான் இன்னும் பேசப்படுகிறது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சாப்பாட்டுப் பேச்சு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கித் துடைத்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைவு வரவில்லை. கடும் பட்டினி மனிதனை உணவின் நினைவிலேயே சிறைவைக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அவ்வளவு கடுமை இல்லாத, சாதாரண டயட்டில் இருப்பவர்களிடம் நடப்பதை 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கல்லூரிப் பெண்களை ருசி பார்க்கும் சோதனை என்று சொல்லி அழைத்தார்கள். சிலருக்கு முதலில் ஒரு மில்க் ஷேக், சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு மூன்று வகை ஐஸ்கிரீமை வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் ருசி பாருங்கள் என்றார்கள். உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்ததற்குத் தக்க இயல்பான நடத்தை அது. எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இதற்கு நேர்மாறு. மில்க் ஷேக் குடித்தபின் அவர்கள் ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி எதற்குக் காக்க வேண்டும் என்ற நினைப்பே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கல்யாண வீட்டு இரண்டாவது லட்டின் கதை இதுதான்.

இதையே பின்னர் ஜெர்மனியின் யோவாகிம் வெஸ்டன்ஹோஃபர் 1991இல் இன்னும் நுட்பமாகப் பிரித்தார். வாயைக் கட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 'இது கூடவே கூடாது' என்னும் இறுக்கமான கட்டுப்பாடு. மற்றொன்று, 'இதைச் சாப்பிடலாம், இவ்வளவு சாப்பிடலாம், கூடிவிட்டால் அடுத்த வேளையில் சரிசெய்யலாம்' என்னும் நெகிழ்வான கட்டுப்பாடு. இறுக்கமாக இருப்பவர்களிடம் கட்டு அறுந்து அளவில்லாமல் சாப்பிடும் போக்கு அதிகம் இருந்தது. நெகிழ்வாக இருப்பவர்களிடம் அது குறைவாக இருந்தது. அவர்களுடைய உடல் எடையும் குறைவாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பல வாரங்கள் தொடர்ந்து கலோரியைக் குறைத்துச் சாப்பிட்டவர்களிடம் பண்டங்களின் மீதான ஏக்கம் பொதுவாகக் குறைந்தது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஓர் அலசல் காட்டுகிறது. ஆகவே ஸ்வீட்டை முழுவதும் நிறுத்தினால் எல்லோருக்கும் வெறி பிடிக்கும் என்று சொல்வது சரியல்ல. அடிக்கடி தொட்டுக்கொண்டே இருந்தால் ஏக்கம் தீராது என்பவர்கள் உண்டு. அவர்கள் நிறுத்திக்கொள்வதே நல்லது. ஒரு துண்டோடு நிற்க முடிபவர்களுக்கு ஒரு துண்டு நல்லது. நீங்கள் எந்த வகை என்று உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

150 கலோரியை எங்கிருந்து எடுப்பது?

சம்பளம் கூடாமல் புதிய செலவு ஒன்று வந்தால், பழைய செலவு ஒன்றைக் குறைத்துத்தானே ஆகவேண்டும்? கலோரிக்கும் அதே வழி. நாளின் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கை விருப்பப் பண்டத்துக்கு ஒதுக்கலாம். 1,500 கலோரித் திட்டத்தில் இருப்பவருக்கு அது 150. மீதி ஒன்பது பங்கில் காய், கீரை, பருப்பு, தயிர், முட்டை, மீன், பழம், தானியம் எல்லாம் அடங்க வேண்டும். ஒதுக்கீட்டை எடுக்க வேண்டியது இந்தச் சத்துகளிலிருந்து அல்ல. நாம் ஆசைப்பட்டுச் சாப்பிடாத, பழக்கத்தில் உள்ளே போகிற கலோரிகளிலிருந்து.

அப்படிப்பட்டவை நம் சமையலறையில் நிறைய உண்டு. முதலாவது, காபி, டீயில் போடும் சர்க்கரை. ஒரு தம்ளருக்கு இரண்டு டீஸ்பூன், நாளைக்கு மூன்று தம்ளர் என்றால் 30 கிராம் சர்க்கரை, 120 கலோரி. பாதியாகக் குறைத்தால் 60 கலோரி மிச்சம். ஒரே நாளில் குறைக்காமல் வாரத்துக்கு அரை டீஸ்பூனாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு பழகிவிடும்.

இரண்டாவது, எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும்போது ஒரு டேபிள்ஸ்பூனும் இரண்டு டேபிள்ஸ்பூனும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினால் பொரியலின் ருசி மாறாமலே நாளுக்கு 50, 60 கலோரியை எளிதில் குறைக்கலாம். மூன்றாவது, டீயோடு வரும் பிஸ்கட். 100 கிராம் பிஸ்கட்டில் 450 முதல் 500 கலோரி. பேச்சுவாக்கில் கை தானாக எடுக்கும் நான்கு பிஸ்கட்டில், கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரு துண்டு பால்கோவாவுக்குரிய கலோரி அடங்கிவிடுகிறது. நான்காவது, தட்டில் விழும் கடைசிக் கரண்டிச் சோறு. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. அந்த இடத்தில் ஒரு கரண்டிக் காயை வைத்தால் வயிறு வித்தியாசம் காட்டாது.

பிஸ்கட்டையும் பால்கோவாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் சாரம் புரியும். எது உண்மையில் பிடிக்கும், எது பழக்கத்தால் நடக்கிறது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இதற்காக ஆசைப்பட்டேனா?' என்று குறித்துப் பாருங்கள். 'இல்லை' என்ற பதில் வரும் இடங்களில்தான் உங்கள் மைசூர்பாகுக்கான கலோரி ஒளிந்திருக்கிறது.

சர்க்கரைக்கும் ஒரு தனி வரம்பு உண்டு. உணவில் சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 கலோரிக்கு ஐந்து சதவீதம் என்றால் ஏறக்குறைய 19 கிராம். மைசூர்பாகு ஒரு துண்டில் 10 கிராம் போனால் காபிக்கு மீதி 9 கிராம். அதனால் ஸ்வீட் சாப்பிடும் நாளில் காபியில் சர்க்கரை குறைவது இரட்டை லாபம்.

எப்போது, எப்படிச் சாப்பிடுவது?

நல்ல பசியில், வெறும் வயிற்றில் ஸ்வீட் டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டோடு கை நிற்பது கடினம். சாப்பாட்டை முடித்து, வயிறு முக்கால் பங்கு நிறைந்த பிறகு அதே துண்டு போதுமானதாக இருக்கும். புரதமும் நார்ச்சத்தும் முன்னால் போயிருந்தால் இன்னும் நல்லது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. சின்ன ஆய்வுதான். ஆனால் சொல்வது எல்லோரும் செய்யக்கூடிய ஒன்று.

இஸ்ரேலில் டேனியெலா யாகுபோவிச் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. 193 பேர் கலந்துகொண்டார்கள். இரு பிரிவினருக்கும் நாளின் மொத்தக் கலோரி ஒன்றே. ஒரு பிரிவின் காலை உணவில் சுமார் 300 கலோரி, மாவுச்சத்து குறைவு. மற்றப் பிரிவுக்கு 600 கலோரி. புரதம் நிறைய, கூடவே கேக், சாக்லேட் போன்ற ஓர் இனிப்பு. முதல் 16 வாரத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு எடை குறைந்தார்கள். அடுத்த 16 வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. முதல் பிரிவினருக்குப் போன எடையில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இனிப்போடு காலை உணவு சாப்பிட்டவர்கள் மேலும் குறைந்தார்கள். பசியும் ஏக்கமும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. இதை வைத்துக் காலையில் கேக் சாப்பிட்டால் இளைக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. காலையில் கிடைத்த கூடுதல் புரதத்துக்கும் இதில் பங்கு உண்டு. மொத்த அளவுக்குள் அடங்கிய இனிப்பு, எடைக் குறைப்பைத் தடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

நாக்கின் சுபாவத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன் மீதான விருப்பம் குறைந்துகொண்டே வரும். ஆனால் வேறு ருசியுள்ள பண்டம் வந்ததும் விருப்பம் புதிதாகப் பிறக்கும். 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸ் முதலானோர் ஆக்ஸ்ஃபோர்டில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பந்தியில் சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, மோர் என்று எல்லாம் முடிந்து இனி ஒரு பருக்கைகூட இறங்காது என்றிருக்கும்போது, பாயசம் வந்தால் இடம் கிடைப்பது இதனால்தான். தீபாவளிக்கு வரும் கலவை ஸ்வீட் பெட்டியின் ஆபத்தும் இதுவே. பாதுஷா, ஜாங்கிரி, லட்டு, முந்திரி கேக் என்று ஒவ்வொரு ருசிக்கும் நாக்கு தனித்தனியாகக் கணக்குத் திறக்கும். ஒரே வகையை வைத்துக்கொண்டால் இரண்டாவது துண்டிலேயே 'போதும்' வந்துவிடும்.

நெய்யும் சர்க்கரையும் ஒன்றாகச் சேர்ந்த பண்டம் மூளையை ஈர்க்கும் விதமும் தனி. கலோரி சமமாக இருந்தாலும், கொழுப்பு மட்டும் உள்ள உணவையோ மாவுச்சத்து மட்டும் உள்ள உணவையோவிட, இரண்டும் கலந்த உணவுக்கு மூளையின் வெகுமதிப் பகுதிகள் அதிகமாகத் துலங்குகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் டேனா ஸ்மால் குழு 2018இல் கண்டறிந்தது. எனவே மைசூர்பாகை நோக்கிக் கை நீளுவது ஒழுக்கக் குறைவு அல்ல. நாக்கும் மூளையும் அப்படி அமைந்தவை. அதனால் மன உறுதியை நம்புவதைவிட ஏற்பாட்டை நம்புவது மேல்.

ஏற்பாடு என்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஸ்வீட் கடையில் அரைக் கிலோ பெட்டி வாங்காமல் 100 கிராம் எடைபோட்டு வாங்குங்கள். நான்கு பேர் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு துண்டு வரும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் ஒரு துண்டைத் தட்டில் எடுத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள். டிவியும் போனும் இல்லாமல் சாப்பிடுங்கள். ருசி பதிந்தால்தான் நிறைவு வரும். பாக்கெட் பண்டம் என்றால் பின்பக்கத்தில் எழுதியிருப்பது 100 கிராமுக்கா, பாக்கெட் முழுவதற்குமா என்று பாருங்கள். பரிசாக வந்த பெட்டியை அன்றே அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

கணக்கு மீறிய நாளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். அடுத்த வேளையைப் பட்டினி போடாதீர்கள். பட்டினி அடுத்த மீறலுக்கு விதை. வழக்கமான சாப்பாட்டுக்கு உடனே திரும்புங்கள், அதுவே போதும். நடந்து எரித்துவிடலாம் என்ற கணக்கும் நிற்காது. 65 கிலோ எடையுள்ளவர் ஒரு துண்டு மைசூர்பாகின் 150 கலோரியைச் செலவழிக்கச் சுறுசுறுப்பாக 40 நிமிடம் நடக்க வேண்டும். நடை இதயத்துக்கும் தசைக்கும் மனத்துக்கும் நல்லது. அதைத் தின்றதற்கான தண்டனையாக மாற்றினால் இரண்டு மகிழ்ச்சியும் போய்விடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கலோரிக் கணக்கு மட்டும் போதாது. ரத்தச் சர்க்கரை என்ற இன்னொரு கணக்கும் அவர்களுக்கு உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். அவர்களும், இன்சுலின் போடுபவர்களும், கர்ப்பிணிகளும், சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் பேசி அளவை முடிவுசெய்ய வேண்டும். வளரும் பிள்ளைகளைக் கலோரிக் கணக்குக்குள் இழுக்கக் கூடாது. உணவைப் பற்றிய கவலையே நாள் முழுவதும் ஆட்டிப்படைக்கிறது என்று உணர்பவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு உதவி நாட வேண்டும்.

ஒல்லியாக இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடலையே ஒப்பிட்டு 2004இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் ஒன்றே, 22. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு சுமார் 9 சதவீதம். யாஜ்னிக்கின் உடலில் சுமார் 21 சதவீதம். பார்வைக்கு மெலிந்திருந்தும் உள்ளே கொழுப்பு சேர்ந்திருப்பது இந்திய உடல்வாகின் சிக்கல். அதனால்தான் நமக்குக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். 'நான் ஒல்லிதானே' என்று கணக்கில்லாமல் சாப்பிடும் உரிமை நம்மில் யாருக்கும் கிடையாது.

இந்த வாரமே தொடங்கலாம்

உங்களுக்கு உயிரான பண்டம் இரண்டை மட்டும் எழுதுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவா, மணப்பாறை முறுக்கா, தெருமுனைக் கடையின் சூடான மெதுவடையா, எதுவாக இருந்தாலும் சரி. எந்த நாள், எந்த வேளை, எவ்வளவு என்று முன்கூட்டியே குறியுங்கள். அதற்கு ஈடாகக் குறையப்போவது என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மற்றப் பண்டங்கள் தற்செயலாக எதிரில் வரும்போது, 'எனக்கு வியாழக்கிழமை பால்கோவா இருக்கிறது' என்று சொல்லி விலகுவது, 'எனக்கு எதுவுமே கூடாது' என்று சொல்லி விலகுவதைவிட எவ்வளவோ எளிது.

எடையைக் குறைப்பது சில மாத வேலை. குறைந்த எடையைக் காப்பது ஆயுள் முழுக்க உள்ள வேலை. அந்த ஆயுளில் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு, பேத்தியின் பிறந்தநாள் உண்டு, நண்பர் வீட்டுக் கல்யாணம் உண்டு. அவை எல்லாவற்றையும் தவிர்த்தால்தான் நிற்கும் என்ற திட்டத்தை ஏற்காதீர்கள். அவற்றையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் செய்யக்கூடிய திட்டமே உங்களுக்கு உதவும்.